‘இயேசுவின் குணத்தை நம்பி ஜெபி’ என்றால் முழங்காலில் நிற்கும்போது என்ன செய்வது?

“அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். தெல்லிப்பளையில மருந்து ஏத்திக்கொண்டிருக்கிறம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனா, விசுவாசம் காணாது, அதுதான் சுகம் வரேல்லை எண்டு சொல்லுகினம். எங்கட சபைப் போதகர், பதிலைப் பார்க்காதேங்கோ, இயேசுவின்ர குணத்தை நம்பி ஜெபியுங்கோ எண்டுறார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜெபிக்க இருந்தா அதை எப்படிச் செய்யிறதெண்டு விளங்கேல்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெபத்துக்குப் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. இயேசுவுக்கு வல்லமை இருக்கிறது என்பதிலும் உங்களுக்குச் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. அவருக்கு எங்கள்மேல் மனம் இருக்கிறதா, மனம் இருந்தால் ஏன் இப்படி என்பதே கேள்வி. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே அவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. வேதபாடம் முறையாகப் படித்து, சபைகளில் ஜெபக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற அளவில் பதில் எழுதுகிறேன். மருத்துவம் தொடர்பாக நான் சொல்லும் இரண்டொரு வார்த்தைகளை அம்மாவின் வைத்தியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதே சந்தேகத்தோடு இயேசுவிடம் வந்த ஒருவன் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறான். “உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்றான் அந்தக் குஷ்டரோகி (மாற்கு 1:40). உம்மால் ஆகும் என்பதில் அவனுக்குத் தயக்கமே இல்லை. மனம் வைப்பாரா என்பதுதான் தெரியவில்லை. எட்டு அதிகாரம் தள்ளி, பிள்ளையின் வலிப்பைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன தகப்பன் ஒருவன் வருகிறான். அவன் கேட்பது இதற்கு நேர்மாறு: “நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்.” ஒருவன் அவருடைய மனதைச் சந்தேகிக்கிறான், மற்றவன் வல்லமையைச் சந்தேகிக்கிறான். தகப்பனுக்கு ஒரு சிறு கண்டிப்புக் கிடைத்தது உண்மை. ஆனால் இருவரில் ஒருவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. குஷ்டரோகியின் விஷயத்தில் வரிசையையும் கவனியுங்கள். இயேசு மனதுருகினார், கையை நீட்டினார், தொட்டார், அதற்குப் பிறகுதான் “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு” என்றார். மோசேயின் சட்டப்படி பாளயத்துக்குப் புறம்பே இருக்க வேண்டிய மனிதன் அவன் (லேவியராகமம் 13:46). சுகமான பிறகு தொட்டிருக்கலாம். சுகமாவதற்கு முன்பே தொட்டார். உங்கள் போதகர் ‘குணம்’ என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். கேட்டது கிடைக்கும் முன்னரே, அசுத்தம் என்று ஊர் ஒதுக்கிய உடம்பில் அந்தக் கை இருக்கிறது.

ஆகவே அவருடைய மனம் எப்படிப்பட்டது என்பதை எங்கிருந்து அறிவது என்பதைத்தான் நீங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஸ்கான் அறிக்கையிலிருந்து அறியப் பார்த்தால், அறிக்கை நல்லதாக வரும் மாதம் அவர் நல்லவர், கட்டி வளர்ந்த மாதம் கல்நெஞ்சர் என்று ஆகிவிடும். கிறிஸ்தவ விசுவாசம் வேறொரு இடத்தைக் காட்டுகிறது: “என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்” (யோவான் 14:9). நற்செய்திகளில் அவர் நோயாளியிடமும் விதவையிடமும் கோபக்காரச் சீஷனிடமும் எப்படி நடந்துகொண்டாரோ அதுதான் கடவுளின் மனம், அது இன்றும் மாறவில்லை (எபிரெயர் 13:8) என்பது கத்தோலிக்கர், மெதடிஸ்தர், ஆங்கிலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தேயினர் எல்லாருக்கும் பொது. இதை நிச்சயமானது என்ற பக்கத்தில் வையுங்கள். அம்மாவுக்கு இந்த ஆண்டு சுகம் கிடைக்குமா என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அதை அங்கே வைக்கச் சொல்லுகிறவர் வேதத்தில் இல்லாத வாக்குறுதி ஒன்றை உங்களுக்குத் தருகிறார்.

‘விசுவாசம் காணாது’ என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுதான் உங்களை நித்திரையில்லாமல் வைத்திருக்கிறது. அதற்கு அவர்கள் எடுக்கும் வசனம் பெரும்பாலும் யாக்கோபு 5:15, “விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்.” அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும். எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டியவர்கள் அந்த மூப்பர்கள். அங்கே பேசப்படும் விசுவாசம் ஜெபிக்கிற மூப்பர்களுடையது. படுக்கையில் கிடப்பவரின் விசுவாசத்தை அளந்துபார்க்க அந்த வசனத்தில் இடமே இல்லை. இந்த வசனத்தை வைத்து யாரையாவது குற்றஞ்சாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் மாட்டுப்படுவது ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்தான். நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்று பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) பெண்ணிடமும் குருடனான பர்திமேயுவிடமும் இயேசு சொன்னதுண்டு. நாசரேத்தில் அவிசுவாசத்தினாலே அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறது (மத்தேயு 13:58). ஆனால் அங்கே அவிசுவாசமாயிருந்தது, அவரைத் தச்சன் மகன் என்று தள்ளிவிட்ட ஊர். அதே ஊரிலும் சில நோயாளிகள்மேல் கைவைத்துச் சுகப்படுத்தினார் என்று மாற்கு 6:5 சொல்கிறது. நாயீனூர் விதவை அவரிடம் எதையுமே கேட்கவில்லை, ஆனாலும் இறந்த அவளுடைய மகனை எழுப்பிக் கொடுத்தார் (லூக்கா 7). பெதஸ்தா குளத்தருகே அவர் சுகப்படுத்திய, 38 வருடம் வியாதியாயிருந்தவனுக்கு அவர் யாரென்றே தெரியாது (யோவான் 5). மல்குஸ் அவரைப் பிடிக்க வந்தவன். சீஷன் வெட்டிய அவனுடைய காதும் சுகமானது. வீட்டுக்கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையிலோ, இயேசு கண்டது சுமந்துவந்த “அவர்கள் விசுவாசத்தை” (மாற்கு 2:5). கிணற்றில் தண்ணீர் இருப்பது வாளியின் பருமனால் அல்ல. உங்களிடம் இருப்பது சிரட்டை என்றாலும் அதை விட்டு அள்ளுங்கள். அப்போஸ்தலர்களைச் சுற்றியும் நோயாளிகள் இருந்தார்கள். தன் தோழன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). ‘சரீரத்து முள்’ என்று தான் சொன்ன வேதனை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்ட அவருக்கே முள் எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் காணாது என்று சொல்ல அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாருக்குத் துணிவு இருக்கும்?

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். வைத்தியசாலைக்கு அலைகிற வீட்டில் அதற்குமேல் திட்டமிட்டால் மூன்றாம் நாளே நின்றுபோகும். முழங்கால் வலித்தால் கதிரையில் இருங்கள். மாற்கு நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், 16 அதிகாரம்தான். யாராவது இயேசுவிடம் ஏதாவது கேட்கிற ஒரு காட்சியை மட்டும் தெரிந்தெடுங்கள்: 1:40, 2:1, 4:35, 5:21, 9:14, 10:46 ஆகிய இடங்களில் தொடங்கும் ஆறு காட்சிகள் முதல் கிழமைக்குப் போதும். (7:24இல் வரும் சீரோபேனிக்கியப் பெண்ணின் கதையை இப்போது விட்டுவிடுங்கள். அங்கே இயேசுவின் முதல் பதில் கடினமானது. அறிஞர்களே அதைப் பலவிதமாக விளக்குகிறார்கள். களைத்திருக்கும் நேரத்தில் அதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.) காட்சியை வாய்விட்டு இரண்டுதரம் வாசியுங்கள். இரண்டாம்முறை வாசிக்கும்போது அவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்தார் என்று பாருங்கள்: எங்கே நின்றார், யாரைத் தொட்டார், யாருக்காகப் போகிற வழியில் தாமதித்தார், யார்மீது கோபப்பட்டார். இதற்கு ஐந்து நிமிடம் போகும்.

பிறகு அந்தச் செயலையே அவருடைய பெயராக வைத்து அழையுங்கள். “குஷ்டரோகியைத் தொட்டவரே.” “பர்திமேயுவின் சத்தத்துக்காக வழியில் நின்றவரே.” இது நான் கண்டுபிடித்த வழியல்ல. ஆங்கிலிக்கன் ஆராதனையில் ஞாயிறுதோறும் வாசிக்கும் சிறு ஜெபங்களும், கத்தோலிக்கப் பூசையின் தொடக்கத்தில் குருவானவர் சொல்லும் மன்றாட்டும் நூற்றாண்டுகளாக இந்த அமைப்பில்தான் இருக்கின்றன: முதலில் விளி, அடுத்து அவர் எப்படிப்பட்டவர் அல்லது என்ன செய்தவர் என்ற ஒரு வரி, அடுத்து ஒரே ஒரு விண்ணப்பம், அது எதற்காக என்பது, கடைசியில் ‘இயேசு கிறிஸ்து வழியாக’. இரண்டாவதாக வரும் அந்த ஒரு வரியில்தான் முழு ஜெபமும் சாய்ந்து நிற்கிறது. நாங்கள் வீட்டில் ஜெபிக்கும்போது பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறோம். ‘ஆண்டவரே’ என்று தொடங்கி நேரே பட்டியலுக்குள் இறங்கிவிடுகிறோம்.

அடுத்து, கேளுங்கள். வெட்கப்படாமல், இன்னது என்று சொல்லிக் கேளுங்கள். கட்டி கரைய வேண்டும், அம்மா முழுச் சுகம் அடைய வேண்டும் என்ற பெரிய விண்ணப்பம் ஒன்று. அன்றன்றைக்குரிய சிறிய விண்ணப்பம் ஒன்று: இந்தமுறை மருந்து ஏற்றியபின் சத்தியெடுக்காமல் கஞ்சியாவது உள்ளே போக வேண்டும், அடுத்த ஊசிக்கு முன் வெள்ளணுக்களின் அளவு ஏற வேண்டும், காலை பஸ்ஸில் அம்மாவுக்கு இருக்க இடம் கிடைக்க வேண்டும். சிலர் பக்தி என்று நினைத்து இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ‘உம்முடைய சித்தம் ஆகட்டும்’ என்று நேரே போய்விடுவார்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் வரும் ஏமாற்றத்துக்குப் பயந்தே பலமுறை அப்படிச் செய்கிறோம். பிடிபடும் முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்த வரிசையைப் பாருங்கள் (மாற்கு 14:36). முதலில் “எல்லாம் உம்மாலே கூடும்.” அடுத்து “இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்.” அதற்குப் பிறகே “ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல.” நடுவில் உள்ளதை அவர் விழுங்கிவிடவில்லை. திரும்பவும் போய் அதே வார்த்தைகளைச் சொன்னார். ஆகையால் ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது குற்றமும் இல்லை. ‘சித்தமானால்’ என்று சேர்ப்பது அவிசுவாசம் என்று உங்கள் கூட்டத்தில் சொன்னால், இந்த வசனத்தையும் குஷ்டரோகியின் வசனத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

கேட்டு முடித்தபின் இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். இந்த இடத்தில்தான் பலருக்குப் பிசகுகிறது. சமாதானம் வந்துவிட்டதா, கண்ணீர் வந்ததா, உடம்பு சிலிர்த்ததா என்று தங்களையே சோதித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். உணர்ச்சி வந்தால் நன்று, வராவிட்டாலும் ஜெபம் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு பிசகு, ஜெபத்தையே பிரசங்கமாக்கி, ‘சுகமாகிவிட்டா, சுகமாகிவிட்டா’ என்று தன்னைத்தானே நம்பவைக்க முயல்வது. அங்கே நம்பிக்கை வைக்கப்படுவது தன் மனதின் உறுதியில்தான். நோய் ஒரு படி கூடினால் அந்த உறுதி அப்படியே சரிந்துவிடும். மூன்றாவது, பேரம். மடு மாதா கோயிலுக்கு நடந்துபோகிறேன், பாஷையூர் அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று நேர்த்தி வைப்பதை நான் குறைசொல்லவில்லை. பொருத்தனை சங்கீதங்களிலேயே இருக்கிறது. புரட்டஸ்தாந்து வீடுகளிலும் ‘சுகம் தந்தால் ஊழியத்துக்கு இவ்வளவு’ என்ற வடிவில் அது உண்டு. ஆனால் அதற்குள் ‘நான் இதைத் தராவிட்டால் அவர் அதைத் தரமாட்டார்’ என்ற கணக்கு நுழைந்தால், நீங்கள் பேசுவது நற்செய்தியில் வரும் இயேசுவோடு அல்ல. நேர்த்தியை முன்கூட்டியே, பதிலுக்குக் காத்திராமல் நிறைவேற்றிவிடுங்கள். அப்போது அது நன்றியாகிவிடும்.

‘இயேசுவின் நாமத்தினாலே’ கேட்டால் எதுவும் கிடைக்குமே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவருடைய பெயரில் கேட்பது என்றால் அவர் கையெழுத்து வைக்கக்கூடிய விண்ணப்பமாக அது இருக்க வேண்டும். சமாரியக் கிராமத்தை வானத்து அக்கினியால் எரிக்கவா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் அவர் கண்டித்தார். வேலி வழக்கில் பக்கத்துக் காணிக்காரன் அழியட்டும் என்று எத்தனை வருடம் உபவாசம் இருந்தாலும் அவர் அதில் ஒப்பமிடமாட்டார். உங்கள் விண்ணப்பமோ ஒரு தாயின் சுகம். நோயாளிகளைக் கண்ட இடமெல்லாம் மனதுருகியவரிடம் அதைக் கேட்கிறீர்கள். அவருடைய குணத்துக்கு ஒவ்வாத எதையும் நீங்கள் கேட்கவில்லை என்பதில் சந்தேகம் வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் தாமதம்? இங்கே என் பதில் குறுகியது. ஒருவருக்குச் சுகம், மற்றவருக்கு இல்லை என்பதற்கு வேதம் விதிமுறை எதையும் தரவில்லை. யார் செய்த பாவம் என்ற கேள்வியை மட்டும் இயேசு இரண்டு தடவை அடைத்துவிட்டார்: பிறவிக்குருடன் விஷயத்தில் (யோவான் 9:3), சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த விஷயத்தில் (லூக்கா 13:4). ஆகவே அம்மாவின் நோய்க்கு முன்னோரின் சாபம், வீட்டில் மறைந்த பாவம் என்று காரணம் தேடித் தருகிறவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். தாமதத்தைப் பற்றிப் பெத்தானியாவில் இருந்த லாசருவின் வீட்டுக் கதை ஒரு விஷயம் சொல்கிறது. அது விளக்கம் அல்ல, ஆனால் பிடித்துக்கொள்ளலாம். யோவான் 11:5 இயேசு மார்த்தாளிடத்திலும் அவளுடைய சகோதரியிடத்திலும் லாசருவிடத்திலும் அன்பாயிருந்தார் என்கிறது. அடுத்த வசனம், லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்கிறது. அன்பும் தாமதமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று மற்றதைப் பொய்யாக்கும் என்று எழுதியவர் நினைக்கவில்லை. பிறகு இரண்டு சகோதரிகளும் தனித்தனியே வந்து சொல்லிவைத்தாற்போல ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். மார்த்தாளுக்கு அவர் வார்த்தையால் பதில் கொடுத்தார். மரியாளுக்கு முன்னால் அழுதார். இருவரையும் அப்படிப் பேசியதற்காகக் கண்டிக்கவில்லை. உங்களுக்கும் அந்த வரி வாயில் வந்தால் சொல்லுங்கள். புயலில் படகு நிரம்பும்போது “நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று சீஷர்கள் கேட்டதும் இதே ரகம்தான்; அவர் முதலில் காற்றை அடக்கினார், விசுவாசத்தைப் பற்றிப் பிறகுதான் கேட்டார்.

வார்த்தையே வராத இரவுகளுக்கு 13ஆம் சங்கீதம் இருக்கிறது, ஆறு வசனம்தான்: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” அதுவும் முடியாவிட்டால் 88ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வாசிக்கவும் முடியாதபோது, கீழைத்தேசத் துறவிகள் மூச்சோடு சேர்த்துச் சொல்லிவந்த ஜெபத்தின் சுருக்கம் போதும்: மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’, விடும்போது ‘இரங்கும்’. அதுவும் முடியாத நேரத்தில் வேறு யாரையாவது உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்தது நாலுபேர்.

மருத்துவம் பற்றி ஒன்று. ‘மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம்’ என்று யாராவது சொன்னால் அதற்கு யாழ்ப்பாணத் திருச்சபையின் சரித்திரத்தில் வேரே இல்லை. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். எங்கள் பாட்டன்மாருக்கு நற்செய்தியும் மருந்தும் வந்தது ஒரே கையால். பவுலின் தோழரான லூக்காவும் வைத்தியர்தான். மருந்து ஏற்றும் காலத்தில் அம்மா உபவாசம் இருக்கவே கூடாது. உபவாசம் இருக்க விருப்பமென்றால் நீங்கள் இருங்கள். வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் சனம் நெருங்கி இருக்கும் மண்டபத்துக்கும் அவரைக் கொண்டுபோக வேண்டாம். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், நடுச்சாமம் என்றாலும், ஜெபித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருக்காமல் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். ஜெபத்தை வாகனத்துக்குள் செய்யலாம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போவதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கூட்டம் நேரில் எப்படி நடக்கிறது என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெய்வீக சுகம் பற்றிச் சபைகளுக்குள் நேர்மையான கருத்து வேறுபாடும் உண்டு. அற்புத சுகத்தை எதிர்பார்த்து ஜெபிக்கும் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். நடத்துகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அம்மா வைத்தியரின் மருந்தைத் தொடரலாமா? சுகம் கிடைக்காமல் போனால் யாரில் குற்றம் என்பீர்கள்? முதலாவதற்கு ‘ஓம், கட்டாயம்’ என்றும், இரண்டாவதற்கு ‘ஒருவரிலும் இல்லை’ என்றும் தயங்காமல் சொல்வாராயின் போய் அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள். அப்போதும், அறிக்கை கையில் வரும் முன் அம்மாவை மேடையேற்றிச் சுகம் பெற்ற சாட்சி சொல்லச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பதில் வேறுமாதிரி வந்தால், உங்கள் போதகரை வீட்டுக்கு அழைத்து, யாக்கோபு சொன்னபடி எண்ணெய் பூசி ஜெபிக்கக் கேளுங்கள். அம்மா சாப்பிட்டுச் சற்றுத் தெம்பாக இருக்கும் நேரம் பார்த்து, பின்னேரத்தில், கால்மணித்தியாலத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.